தொரசாணிக்குப் பின்னிய கயிறு

லொறியின் பின்கதவை இறக்கி, அதன்மேல் கோணிச் சாக்கு விரித்திருந்தார்கள். முதல் நாள் மழையில் பங்களா முற்றத்துச் செம்மண் குழைந்து கிடந்தது. நான் குதிரையின் இடது தோளோடு ஒட்டி நின்றேன். அது கரட் கிழங்கு ஒன்றை மென்றுகொண்டிருந்தது. அதன் மூச்சு என் கழுத்தில் சூடாகப் பட்டது.

"ராணி, கயித்தக் கழட்டு," என்றார் எங்க வீட்டுக்காரர்.

"எதுக்கு?"

"எதுக்கா? நம்ம கயித்தோடயா அனுப்புவ? அவங்க கயித்த அவங்க போட்டுக்கிடட்டும். நம்ம கயிறு நம்ம வீட்டுல கெடக்கணும்."

"இது மாடில்லங்க. கழட்டுனா நிக்காது."

"எல்லாம் நிக்கும். கயித்தோட வித்தா வீடு வெளங்காது புள்ள."

கல்யாணம் கட்டிய நாளிலிருந்து கதிர்வேலும் நானும் சண்டை போடாத விஷயம் ஏதும் மிச்சமில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு கயிறு மிச்சமிருந்திருக்கிறது. ஹோட்டல் மெனேஜர் மாத்தையா, லொறி டிரைவர், அவனோடு வந்த ஆள் என்று எல்லோரும் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வந்த அழுகையை மறைக்கத்தான் அவரோடு அப்படி மல்லுக்கு நின்றேன்.

தொரசாணி வந்தாள்

போன சில வாரங்களாக இந்தப் பத்தியில் சவர்க்காரம், நீலம், இஸ்திரிப்பெட்டி என்றே எழுதிக்கொண்டிருந்தேன். மாவனல்லையில் என் மகளோடு வேலை செய்யும் ஒரு தங்கச்சி, "உங்கம்மா குதிரை வளர்த்தாங்களாமே, அதை எழுதாம எந்நேரமும் துணியவே துவைக்கிறாங்க?" என்று கேட்டதாம். கேட்டவள் வாய்க்குச் சர்க்கரை. எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வேறொன்றும் இல்லை. எழுத உட்கார்ந்தால் மூக்கு ஒழுகுகிறது.

தெரணியகலைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டம். பழைய பெரிய தொரை பங்களாவை ஒரு கம்பெனி எடுத்து, வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் ஹோட்டலாக்கியது. அங்கே படுக்கை விரிப்பு, துவாய், மேசைத்துணி எல்லாம் துவைப்பது என் வேலை. கதிர்வேல் காலையில் ரப்பர் பால் வெட்டப் போவார். பின்னேரம் நாங்கள் குடியிருந்த லயத்துக்குப் பின்னாலிருந்த மாட்டுப்பட்டியில் இருப்பார். மாடு என்றால் அவருக்கு உயிர். என்னோடு பேசியதைவிட மாட்டோடு பேசியதுதான் அதிகம். மாடு திருப்பிப் பேசாதே!

வருகிற விருந்தாளிகள் ஏறிச் சுற்றிப் பார்க்க ஒரு குதிரை வேண்டுமென்று மாத்தையாவுக்குத் தோன்றிவிட்டது. நுவரெலியாவில் பந்தயம் ஓடி ஓய்ந்த ஒரு பெண் குதிரையை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். மண்ணிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. இறங்கியதும் தலையைத் தூக்கி, யாரையும் பார்க்காமல் முற்றத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தது பாருங்கள்! பங்களா கூடத்தில் ஒரு பழைய படம் மாட்டியிருக்கும், தொப்பி போட்ட வெள்ளைக்காரத் தொரையின் பெண்சாதி. அச்சு அசல் அதே நடை.

"ஏ, தொரசாணி வந்துட்டாடி!" என்றாள் சாக்குத் தைக்கும் மாரியாயி. அதுவே பெயராக நிலைத்தது. கடதாசியில் அதற்கு ஏதோ நீளமான இங்கிலீசுப் பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

கூடவே சுனில் என்றொரு சிங்களப் பையன் வந்திருந்தான். பையன் என்று நான் சொல்கிறேன், அவனுக்கே இரண்டு பிள்ளைகள். நுவரெலியாவில் குதிரைக் கொட்டடியில் வேலை. நல்ல தமிழ் பேசுவான். குதிரையைப் பழக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டியவன்.

"யார் பாத்துக்கொள்ளப் போறது?" என்று அவன் கேட்டான்.

எங்க வீட்டுக்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் போய் நின்றார். "நாந்தான் தம்பி. பொறந்ததுலருந்து மாட்டோடதான் கெடக்கேன். நாலு காலுதானே, இதுக்கும்?"

சுனில் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்தே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

பெட்ஷீட் ஊர்வலம்

மறுநாள் சுனில் குசினிக்குத் தேத்தண்ணி குடிக்கப் போனான். அந்த இடைவெளியில் கதிர்வேல், மாட்டைக் கட்டுவதுபோலக் குதிரையின் கழுத்தில் சுருக்குப் போட்டு, நீளமாகக் கயிறு விட்டு, மறுநுனியைக் கொண்டுபோய் எதில் கட்டினார் தெரியுமா? என் துணி காயப்போடும் கம்பத்தில்!

கொடி நிறைய ஹோட்டல் பெட்ஷீட். காற்று ஒரு தட்டுத் தட்டியது. ஷீட் படபடவென்று அடித்ததும் தொரசாணி மிரண்டு பின்னால் இழுத்தது. மழையில் ஊறிய மண், மரக்கம்பம். வேரோடு பிடுங்கிய கீரைபோல வந்துவிட்டது. கம்பம் பின்னால் வருவதைப் பார்த்து அது இன்னும் மிரள, குதிரை ஓட, கம்பம் ஓட, கொடிக்கயிற்றோடு என் பெட்ஷீட் எல்லாம் கல்யாண ஊர்வலம்போலப் பின்னால் ஓடின. மாடியில் நின்ற வெள்ளைக்காரர்கள் கைதட்டிப் படம் எடுத்தார்கள். ஊர்ப் பழக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

கதிர்வேல் விட்டாரா? பாய்ந்து போய்க் கயிற்றைப் பிடித்தார். பிடித்தவர் மாட்டுக்காரன் வழக்கப்படி அதைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார். மாடு என்றால் அந்தப் பிடியில் நின்றுவிடும். குதிரை நிற்கவில்லை. நைலோன் கயிறு இறுகிக்கொண்டு போனதில் உள்ளங்கைத் தோல் உரிந்தது, மோதிர விரல் முறிந்தது. மனுசன் கத்தியதில் எதிர் மலையில் பால் வெட்டியவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சுனில் ஓடிவந்தான். குதிரையைத் துரத்தவில்லை. எல்லோரையும் நிற்கச் சொல்லிவிட்டு, ஒரு வாளியில் கொஞ்சம் புண்ணாக்கும் தவிடும் போட்டுக் குலுக்கிக்கொண்டு, நேரே போகாமல் சாய்வாக, அதன் தோளைப் பார்த்து நடந்தான். "ஹெமின், ஹெமின்," என்று சிங்களத்தில் முணுமுணுத்தான். மெதுவா, மெதுவா என்று அர்த்தம். குதிரை காதைத் திருப்பியது. பிறகு அதுவே வந்து வாளியில் வாயை வைத்தது.

"அக்கா, அண்ணனுக்குச் சொல்லுங்க," என்றான் என்னிடம். "மாடு பயந்தா முட்ட வரும். இவ பயந்தா ஓடுவா. கயித்தக் கையில சுத்துனா கையும் கூடவே ஓடும்."

அவிசாவளை ஆஸ்பத்திரியிலிருந்து விரலுக்கு மாவுக்கட்டோடு வந்தார் எங்க வீட்டுக்காரர். "கயிறு சரியில்ல" என்பதைத் தவிர வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. குதிரை வேலை என் தலையில் விழுந்தது. நான் கேட்டு வாங்கவில்லை. என் துணிக்கொடி இருந்த முற்றத்தில்தான் அதன் கொட்டகையும் இருந்தது. என் வாசம் அதற்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான்.

விரிப்பில் பின்னிய கயிறு

சுனில் போவதற்கு முன் சொல்லிக் கொடுத்ததெல்லாம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

பின்பக்கமாகப் போகாதே. குதிரைக்கு நேர் பின்னாலும் மூக்குக்கு நேர் கீழேயும் கண் தெரியாது. இடது தோள் பக்கமாக, பேசிக்கொண்டே போ. பின்னால் சுற்றிப் போக வேண்டியிருந்தால், முதுகில் கையை வைத்தபடி உடம்போடு ஒட்டிப் போ, இல்லாவிட்டால் உதை எட்டாத தூரத்தில் போ. ரெண்டுங்கெட்டான் தூரத்தில்தான் எலும்பு முறியும். செருப்போடு வராதே. இந்தக் கடைசியை நான் கேட்கவில்லை. ஒரு நாள் அது என் சுண்டு விரலில் கால் வைத்தது. அதன் பிறகு கதிர்வேலின் பழைய ரப்பர் பூட்ஸ் எனக்குச் சொந்தமானது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பூட்ஸோடு நான் நடப்பதைப் பார்த்து மாரியாயி சிரிக்காத நாளில்லை.

கட்டுவதற்கு மாத்தையா சீமெந்து போட்டு ஓர் இரும்புக் கம்பம் நட்டுக் கொடுத்தார். கழுத்தில் கட்டக் கூடாது, முகத்தைச் சுற்றிப் போடும் முகக்கயிற்றில்தான் கட்ட வேண்டும். குதிரையின் கண் உயரத்தில் முடிச்சு, ஒரு கை நீளத்துக்கு மேல் கயிறு விடக் கூடாது. நீளம் விட்டால் கயிற்றுக்குள் காலைப் போட்டுக்கொள்ளும். முடிச்சும் சாதாரண முடிச்சில்லை. குதிரை எவ்வளவு இழுத்தாலும் இறுகும். தொங்கும் நுனியை நாம் ஒரு இழுப்பு இழுத்தால் சட்டென்று அவிழும்.

கம்பத்தில் நேராகவும் கட்டக் கூடாது. கம்பத்தில் ஒரு சணல் வளையம் போட்டு, அதில்தான் கயிறு. "ரொம்பப் பயந்துட்டா சணல் அறுந்துரும்," என்றான் சுனில். "சணல் அறுந்தா பரவாயில்லை. அறாட்டி அவ கழுத்து முறிஞ்சிரும்."

நைலோன் கயிற்றை எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்காரர் கையைப் பார்த்த பிறகு யாருக்குப் பிடிக்கும்? கழித்துப் போட்ட பெட்ஷீட் என்னிடம் மூட்டையாகக் கிடந்தது. நல்ல பருத்தி, துவைத்துத் துவைத்துப் பூப்போல ஆனது. நீளமாகக் கிழித்து, முறுக்கி, மூன்று புரியாகப் பின்னினேன். என் தலைப்பின்னல் எந்தக் காலத்திலும் அவ்வளவு அழகாக அமைந்ததில்லை. ஹோட்டல் விரிப்பின் ஓரத்தில் ஒரு நீலக்கோடு இருக்கும். அது கயிறு நெடுகச் சுற்றிச் சுற்றி வந்தது. முகக்கயிற்றையும் அதே துணியில் பின்னிப் போட்டேன். பழைய நைலோன் முகக்கயிறு உரித்திருந்த மூக்குத் தோல் ஆறி, அங்கே வெள்ளையாக முடி முளைத்தது.

எங்க வீட்டுக்காரர் அந்தக் கயிற்றை எடுத்து ஒற்றைக் கையால் இழுத்துப் பார்த்தார். தூணில் போட்டும் இழுத்துப் பார்த்தார். "பரவால்ல," என்றார். அந்த வாயிலிருந்து 'பரவால்ல' வருவது, அவிசாவளை பஸ் நேரத்துக்கு வருவது மாதிரி.

போற இடத்தைப் பார்

நடத்திக்கொண்டு போவதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் நாள் முன்னால் நின்று, அதன் முகத்தைப் பார்த்து, "வாம்மா, வா கண்ணு, வாடி என் தங்கம்," என்று இழுத்தேன். அது காலை ஊன்றிக்கொண்டு சிலையாக நின்றது.

"அக்கா, அவ மூஞ்சியப் பாத்தா, நில்லுன்னு நீங்க சொல்றதா நினைப்பா," என்றான் சுனில். "தோளுக்குப் பக்கத்துல நில்லுங்க. போற இடத்தப் பாத்து நடங்க. திரும்பிப் பாக்கக் கூடாது. நீங்க வருவான்னு நம்புனா அவளும் வருவா."

வலது கை அதன் தாடைக்குக் கீழே கயிற்றில். மிச்சக் கயிறு இடது கையில் மடித்து, சுற்றாமல். வளைவு வந்தால் என் பக்கம் இழுக்காமல் அதை அந்தப் பக்கம் தள்ளித் திருப்ப வேண்டும், அப்போதுதான் என் கால் தப்பும். ரோட்டைப் பார்த்து, "ஹெமின்" என்று சொல்லி, ஒரு அடி வைத்தேன். பக்கத்தில் குளம்புச் சத்தம் கேட்டது. அந்தச் சந்தோஷத்தை என்னவென்று சொல்வது! என் மகள் முதல் அடி வைத்தபோது நான் மலையில் வேலையில் இருந்தேன். அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. இதைப் பார்த்தேன்.

அதன் பிறகு எத்தனை பின்னேரங்கள்! விருந்தாளிகள் இருந்தாலும் இல்லாவிட்டாலும், துணி மடித்து முடித்ததும் நாங்கள் இருவரும் நடப்போம். ரப்பர் மரங்களுக்கு நடுவே ரோடு. பால் வெட்டிய மரங்களில் சிரட்டைகள் தொங்கும், புகைக்கூடத்திலிருந்து ரப்பர் காயும் வாடை வரும். மேலே மலையில் மூடுபனி இறங்கும். நான் அதனிடம் எல்லாம் சொல்வேன். மகள் கடிதம் போடாதது, மாரியாயி சொன்ன பொல்லாப்பு, வீட்டுக்காரரின் வறட்டுப் பிடிவாதம். காது என் பக்கம் திரும்பியே இருக்கும். 'ஹெமின்' தவிர வேறொரு சொல்லும் அதற்கு விளங்காதென்று தெரியும். அதனால் என்ன?

கதிர்வேல் லயத்து வாசலில் உட்கார்ந்து பார்ப்பார். நாங்கள் கடந்து போகும்போது, "ரோட்ட அடைச்சிக்கிட்டு வர்றாங்க ரெண்டு தொரசாணிகளும்," என்பார். கையில் மாட்டுக்கு வெட்டிய புல் இருந்தால், நான் பார்க்காத நேரம் ஒரு பிடி அதற்கும் நீட்டுவார். கட்டுப் போட்ட கையாலே நீட்டுவார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் நின்ற அந்தக் காலம் வந்தது. வெள்ளைக்காரர் வரவு நின்றது. ஆட்டோக்கள் எல்லாம் படுத்துவிட, தொரசாணி முதுகில் அரிசி மூட்டை வைத்து நான் மேலே கொண்டுவருவேன். "ரேஸ் குதிரைக்கு வந்த காலத்தப் பாரு," என்பார்கள் சனங்கள். ஆனால் அதன் தீனி வருவதும் மெல்ல மெல்ல நின்றது. புல்லை மட்டும் தின்று அதன் விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. நுவரெலியாவில் குதிரை வைத்திருக்கும் ஒருவர் எடுத்துக்கொள்கிறார் என்று மாத்தையா சொன்னபோது, நான் தலையை ஆட்டினேன். அங்கே கொள்ளு இருக்கும். என்னிடம் இருந்தது பேச்சு மட்டும்தான்.

மாமனார் விற்ற பசு

இப்போது அந்தக் கயிற்றுச் சண்டைக்கு வருகிறேன். அதற்கு முன் எங்கள் மாமனாரைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

எங்கள் சனத்தில் மாடு விற்றால் கயிற்றோடு கொடுப்பதில்லை. வாங்குகிறவர் தன் கயிறு கொண்டுவர வேண்டும். விற்கிறவர் தன் கயிற்றைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார். மாடு போகலாம், பட்டியின் லட்சுமி போகக் கூடாது. மாமனார் ஒரு முறை அவசரத்தில் தெஹியோவிட்டக்காரர் ஒருவருக்குக் கயிற்றோடு பசுவை ஓட்டிவிட்டாராம். அந்த வருஷமே பட்டியில் நின்ற கன்றுகள் ஒவ்வொன்றாகச் செத்து, மாமியாரும் படுக்கையில் விழுந்தார்களாம். கதிர்வேல் அப்போது சின்னப் பிள்ளை. பால் இல்லாத வீட்டில் பசித்துக் கிடந்தது அவருக்கு மறக்கவில்லை.

அதனால் எங்கள் பட்டியில் இருந்து போன ஒவ்வொரு மாட்டின் கயிறும் உத்தரத்தில் தொங்கும். ஒவ்வொன்றையும் தொட்டு, இது செவலை, இது மறைக் காளை என்று அவர் பெயர் சொல்வார். இன்னொன்றும் உண்டு அவருக்கு. பழைய கயிறும் புதுக் கயிறும் ஒரே நேரத்தில் மாட்டின் மேல் கிடக்கக் கூடாது. கிடந்தால் இரண்டு வீட்டுக்கும் ஆகாது.

சுனில் சொன்னதோ நேர்மாறு. முகக்கயிற்றை மாற்றும்போது முதலில் கழுத்தில் ஒரு கயிறு போட்டுப் பிடித்துக்கொள், பிறகுதான் கழற்று. ஒரு கணம்கூடக் குதிரை வெறுமனே நிற்கக் கூடாது.

கயிறு கழன்றது

வந்த லொறி மாடு ஏற்றும் லொறி. டிரைவருக்குக் குதிரை பழக்கமில்லை. கூட வந்த ஆள் கையில் தடி இருந்தது.

"ஏறாட்டி ரெண்டு போட்டா ஏறும்," என்றான் அவன்.

"அதுமேல தடி பட்டுது, உன்னய நான் லொறியில ஏத்துவேன்," என்றேன். அன்றைக்கு எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அடி வாங்காமல், மிரளாமல், நான் சொன்னால் நடப்பதுபோல அது நடந்து ஏறிப் போக வேண்டும். போகிற இடத்துக்குப் பயத்தோடு போகக் கூடாது.

அந்த நேரம் பார்த்து மாத்தையா, "ராணி, இதுக்கு என்ன மருந்து குடுத்தீங்கன்னு நுவரெலியாவுல இருந்து போன்ல கேக்கிறாங்க," என்று கூப்பிட்டார். கயிற்றை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அவ்வளவுதான். மனுசன் முகக்கயிற்றைக் கழற்றி, கயிற்றோடு தன் இடுப்பில் சுற்றிக்கொண்டார். டிரைவர் தன் கயிற்றை மாட்டுக்கு எறிவதுபோலக் கழுத்தை நோக்கி வீசினான்.

தொரசாணி ஒரு சுழல் சுழன்றது. செம்மண் எங்கள் முகத்தில் தெறித்தது. ரப்பர் மரங்களுக்குள் பாய்ந்து, கீழே மறைந்தது.

கீழே மெயின் ரோடு. முடக்கு வளைவு. தெரணியகலை பஸ் ஹோர்ன் அடிப்பதுகூடக் கேட்டது.

"பாவி மனுசா!" என்று நான் கத்தியது அடுத்த தோட்டத்துக்குக் கேட்டிருக்கும். "கயித்தக் கட்டிக்கிட்டு அழு! லட்சுமி இப்ப பஸ்ஸுல அடிபட்டுச் சாகப் போவுது!"

டிரைவரும் ஆளும் துரத்த ஓடினார்கள். "ஓடாதீங்க! ஓடுனா இன்னும் ஓடும்!" என்று தடுத்தேன். கதிர்வேல் என்னை ஒரு பார்வை பார்த்தார். முகத்தில் ரத்தம் இல்லை. குறுக்குப் பாதையில் விழுந்து எழும்பி ரோட்டுக்கு இறங்கினார், பஸ்ஸை மறிக்க. நான் கொட்டகைக்கு வாளி எடுக்க ஓடினேன். தீனி எங்கே இருக்கிறது, வெறும் வாளிதான். குலுக்கினால் சத்தமாவது வருமே என்று ஒரு பிடி கொட்டைப்பாக்கு அளவுக் கற்களை அள்ளிப் போட்டேன்.

வாளியோடு வெளியே வந்து துணி முற்றத்துப் பக்கம் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன்.

தொரசாணி கம்பத்தடியில் நின்றது.

ரோட்டுக்கு இறங்கவே இல்லை. ரப்பருக்குள் ஒரு வட்டம் அடித்து, பின்பக்கமாக ஏறி வந்திருக்கிறது. தினமும் நான் கட்டும் இடத்தில், கட்டும் விதத்தில், சணல் வளையத்துக்கு ஒரு கை நீளம் தள்ளித் தலையை வைத்து நின்றது. முகத்தில் கயிறில்லை, கழுத்தில் கயிறில்லை. உடம்பு நடுங்கியது, விலா ஏறி இறங்கியது. ஆனால் கட்டிப்போட்டதுபோல நின்றது. நான் வந்து அவிழ்ப்பேன் என்று காத்திருந்தது.

வாளியைக் கீழே வைத்துவிட்டு அழுதேன். கல்லைக் காட்டி அதை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.

பொய் சொல்லவில்லை, அப்போது ஒரு யோசனை வந்தது. கொட்டகைக்குப் பின்னால் மேல் மலைக்குப் போகும் பாதை. "ஹெமின்" என்று ஒரு சொல் சொன்னால் கயிறில்லாமலே என்னோடு வரும். லொறிக்காரன் இருட்டும்வரை நிற்பான், பிறகு போய்விடுவான். அதற்கப்புறம்? கையை அதன் விலாவில் வைத்தேன். எலும்பு ஒவ்வொன்றும் தட்டுப்பட்டது. அந்த யோசனை அங்கேயே முடிந்தது.

பின்னால் மூச்சிரைக்கும் சத்தம். கதிர்வேல். முழங்காலில் ரத்தம், சட்டையெல்லாம் சேறு. பஸ்ஸை மறித்து நிறுத்தி, டிரைவரிடம் ஏச்சு வாங்கி, குதிரையைக் காணாமல் மேலே ஓடி வந்திருக்கிறார். கம்பத்தைப் பார்த்தார், குதிரையைப் பார்த்தார். சணல் வளையத்தில் ஒன்றும் இல்லாததைப் பார்த்தார்.

"யாரு கட்டுனா?" என்றார்.

"யாரும் கட்டல."

அவர் நேரே போகாமல், சாய்வாக, இடது தோள் பக்கமாக நடந்தார். "ஹெமின், ஹெமின்," என்றார் மெல்ல. அந்தச் சொல் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இடுப்பில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து என் கையில் கொடுத்தார்.

"போடு புள்ள. உன் கயித்துக்குத்தான் அது நிக்கும்."

திரும்பிப் பார்க்காமல்

முகக்கயிற்றைப் போட்டேன். தோளோடு நின்று, லொறி நிற்கும் பக்கம் பார்த்து ஒரு அடி வைத்தேன். குளம்புச் சத்தம் பக்கத்தில் வந்தது. முற்றத்தில் எல்லோரும் ஒதுங்கினார்கள். தடிக்காரன் தடியைக் கீழே போட்டிருந்தான். பலகையில் நான் முதலில் கால் வைத்தேன். சாக்கு விரித்த பலகை 'தம்' என்றது. அது ஒரு கணம் நின்று, மூக்கை இறக்கி மோந்து பார்த்தது. நான் முகத்தைப் பார்க்கவில்லை, லொறியின் உள்பக்கத்தையே பார்த்தேன். பிறகு 'தம், தம்' என்று நாலு காலும் ஏறின.

கண் உயரத்தில் ஒரு வளையத்தில் சணல் போட்டு, அந்த முடிச்சைப் போட்டேன். டிரைவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "தம்பி, இந்த நுனி. எது நடந்தாலும் இத ஒரு இழுப்பு இழு. வேற எதையும் இழுக்காத. நுவரெலியாவுல சுனில்னு ஒருத்தன் இருப்பான், அவன்கிட்ட ஒப்படை."

"சரிக்கா. அப்ப கயிறு?" என்றான் டிரைவர். பாவம், சண்டையை முதலிலிருந்து கேட்டவன். "அண்ணே வேணும்னாரே?"

நான் வாய் திறப்பதற்கு முன் கதிர்வேல் முந்திக்கொண்டார். "கெடக்கட்டும் தம்பி. கயித்தோடயே கொண்டு போ."

"வீடு வெளங்காதுன்னீங்க?" என்றேன்.

"வெளங்காட்டிப் போவுது. அதுவாவது வெளங்கட்டும்."

பின்கதவை மூடினார்கள். மேல் பாதி திறந்த கம்பிதான், உள்ளே அதன் காது தெரிந்தது. லொறி உறுமியதும் உள்ளே குளம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. நான் என்னையறியாமல் அந்தப் பக்கம் திரும்பப் போனேன்.

என் முழங்கையில் ஒரு கை இறுகப் பிடித்தது. மோதிர விரல் கோணியிருந்த கை.

"திரும்பிப் பாக்காத ராணி," என்றார் கதிர்வேல். "பாத்தா, நீ நிக்கச் சொல்றன்னு நெனைக்கும். நட. போற இடத்தப் பாத்து நட."

நடந்தேன். துணி முற்றத்தைப் பார்த்து, காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து நடந்தேன். பின்னால் குளம்புச் சத்தம் அடங்கியது. லொறி கீழ் வளைவில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் திரும்பவில்லை. அவர்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.